சாகாத கிழவரும் ஒரு புதிய நகரமும்

நெல்வயல்கள் மீது எழுந்த கொல்கத்தாவின் நியூ டவுனில் அரங்குகள் இருக்கின்றன. நாடகங்கள் பழைய நகரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.

கொல்கத்தா விமான நிலையத்திலிருந்து நியூ டவுனுக்குள் நுழையும் பேருந்தில் நடத்துனர் கூவும் நிறுத்தங்களைக் கேட்டாலே ஊரின் கதை பாதி புரிந்துவிடும். முதலில் சினார் பார்க். சினார் காஷ்மீரத்து மரம். வங்காளத்துச் சேற்றுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. பிறகு சிட்டி சென்டர் டூ, ஈக்கோ பார்க். கொஞ்ச தூரத்தில் திடீரென்று 'நார்கேல்பாகான்' என்று ஒரு கூவல். தமிழில் சொன்னால் தென்னந்தோப்பு. இறங்கி அண்ணாந்து பார்த்தால், நாற்சந்திக்கு மேலே பிரம்மாண்டமான இரும்பு வளைவுகள். அவற்றின் நடுவே வளையம்போலத் தொங்கும் கண்ணாடிக் கூடம். விஸ்வ பாங்ளா வாசல் என்று பெயர். யாருடைய தோப்பு, எத்தனை மரம் என்பதெல்லாம் பெயர்ப் பலகையில் இல்லை.

ராஜர்ஹாட் பகுதியின் வயல்களையும் குளங்களையும் தோப்புகளையும் கையகப்படுத்தி எழுப்பிய நகரம் இது. இடதுசாரி ஆட்சிக் காலத்தில், 1999-இல், இதற்காகவே ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. திட்டப் பரப்பு 3,000 ஹெக்டேருக்கும் மேல். மென்பொருள் வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், மூத்த குடிமக்களுக்கென்றே ஒரு பூங்கா என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துவிட்டுக் கட்டினார்கள். நிலம் கொடுத்தவர்களில் பலருக்கு, கிடைத்த விலை போதாது என்ற மனக்குறை இன்றும் உண்டு. பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பாத்தர்காட்டா, கூனி, ஜாத்ராகாச்சி என்று பழைய ஊர்கள் குளமும் மூங்கிலுமாக எட்டிப் பார்க்கின்றன. 'ஜாத்ரா' என்றால் வங்காளத்தின் தெருக்கூத்து. ஊர்ப்பெயருக்கும் கூத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆராய நான் போகவில்லை. நாடகம் தேடிப் போனவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

நாடகம் போட இங்கே இடத்துக்குக் குறைவில்லை. 2012-இல் ரவீந்திர தீர்த்தம் வந்தது. 2014-இல் நஸ்ருல் தீர்த்தம். இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மாநாட்டு மையமும் உண்டு. இவற்றில் எனக்குப் பிடித்தது நஸ்ருல் தீர்த்தம்தான். பூச்சு இல்லாத கான்கிரீட் கட்டடம். நஸ்ருல் இஸ்லாமின் புகழ்பெற்ற 'பித்ரோஹி' கவிதையின் சொற்கள் பெரிய பெரிய வங்க எழுத்துகளாகச் சுவரிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. உள்ளே அரங்கம், சினிமா, கண்காட்சிக் கூடம். நான் போன வாரம் அங்கே நாடகம் ஏதும் இல்லை. சினிமா இருந்தது. காவலாளி அதற்காகவே வந்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலைக் காட்டினார்.

கவிஞர் என்று மட்டுமே நஸ்ருலை அறிந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. தகப்பனார் இறந்தபின், பத்துப் பன்னிரண்டு வயதில், பர்தமான் மாவட்டத்துச் சுருலியா கிராமத்துப் பையனாக அவர் போய்ச் சேர்ந்த இடம் ஒரு 'லேட்டோ' குழு. ஆட்டம், பாட்டு, கோமாளித்தனம் எல்லாம் கலந்த ஊர்சுற்றிக் கூத்து அது. பையன் நடித்ததோடு நிற்கவில்லை, குழுவுக்குக் கூத்துகளும் எழுதிக் கொடுத்தான். அதில் ஒன்றின் பெயர் 'சாஷார் ஷங்'. குடியானவன் வேஷம் என்று சொல்லலாம். குடியானவர்களின் நிலத்தில் எழுந்த நகரம், குடியானவன் கூத்து எழுதிய பையனின் பெயரில் அரங்கம் கட்டியிருக்கிறது. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

நகரத் திட்டமிடல் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பாதல் சர்க்கார். சிவபூர் பொறியியல் கல்லூரியில் படித்தவர், தொழிலால் நகரமைப்பு வல்லுநர், லண்டனிலும் நைஜீரியாவிலும் இருந்தவர். உலகம் அவரை 'ஏவம் இந்திரஜித்'தின் ஆசிரியராகவே அறியும். ஆனால் அதற்கு முன்பு அவர் எழுதியவை பெரும்பாலும் நகைச்சுவை நாடகங்கள். அவருடைய 'பல்லவ்பூரேர் ரூப்கதா', கடன்காரர்களுக்குப் பயந்து ஓட்டை அரண்மனையை விற்கப் பார்க்கும் ஒரு ராஜாவின் கதை. அரண்மனையில் ஆவி வேறு. 2022-இல் நடிகர் அனிர்பான் பட்டாச்சார்யா அதைத் திரைப்படமாக இயக்கினார்.

எழுபதுகளில் சர்க்கார் மேடையையே உதறினார். திரை வேண்டாம், விளக்கு வேண்டாம், டிக்கெட் வேண்டாம் என்று பூங்காவிலும் கிராமத்திலும் போய் நாடகம் போட்டார். அதற்கு 'மூன்றாம் அரங்கு' என்று பெயர். 1980-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சி முகாம், தமிழ்நாட்டில் வீதி நாடகம் வேர்விட ஒரு காரணம். கட்டடங்களின் கணக்குத் தெரிந்த மனிதர், நாடகத்துக்குக் கட்டடமே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். நியூ டவுன் இன்னும் அந்தக் கேள்விக்கே வரவில்லை. கட்டடத்தைத்தான் முதலில் கட்டியிருக்கிறது.

கொல்கத்தாவில் நவீன நாடகம் தொடங்கியதே சிரிப்பில்தான். தொடங்கி வைத்தவர் ஒரு ரஷ்யர், அதுவும் நம் ஊர் வழியாக வந்தவர். கெராசிம் லெபெதேவ் 1785-இல் மதராஸில் வந்திறங்கி இரண்டாண்டுகள் வாத்தியம் வாசித்துப் பிழைத்தார். பிறகு கல்கத்தா போய் வங்காளம் கற்றார். தன் ஆசிரியர் கோலக்நாத் தாஸின் உதவியுடன் ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தை மொழிபெயர்த்து, 1795 நவம்பர் 27 அன்று டூம்தலாவில் கொட்டகை போட்டு அரங்கேற்றினார். வங்காளிகள், அதுவும் பெண்களும் சேர்ந்தே, நடித்தார்கள். கனமான அறிவுரையைவிடக் கேலியும் கிண்டலும்தான் இந்த ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று அவரே காரணமும் எழுதி வைத்திருக்கிறார். சென்னை சபாக்களில் சோவிலிருந்து கிரேசி மோகன் வரை கூட்டம் சேர்த்ததைப் பார்த்தவர்கள் ஆமோதிப்பார்கள்.

ஆனால் இங்கே கேலிக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1876-இல் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது வழக்கறிஞர் ஒருவர் அவரைத் தன் வீட்டு அந்தப்புரம் வரை அழைத்து உபசரித்தார். கிரேட் நேஷனல் தியேட்டர் அதைக் கிண்டல் செய்து ஒரு பிரகசனம் போட்டது. அந்த ஆண்டே நாடக நிகழ்ச்சிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளையர் போன பிறகும் சட்டம் போகவில்லை. தமிழ்நாடு 1954-இல் தனக்கென ஒன்றை இயற்றிக்கொண்டது. எழுத்தாளரும் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் நிறுவனருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1876-இன் மூலச் சட்டம் 2018-இல்தான் ஏட்டிலிருந்து நீங்கியது.

உத்பல் தத்தின் 'டினேர் தலோயார்' (தகர வாள், 1971) இந்தச் சட்டக் காலத்து நாடகக்காரர்களைப் பற்றியதே. சமீப ஆண்டுகளிலும் கொல்கத்தா மேடைக்கு அது திரும்ப வந்திருக்கிறது. அதன் தொடக்கம் மறக்க முடியாதது. நாடக வாத்தியார் இரவில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். சாக்கடைக் குழியிலிருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளி தலையை நீட்டுகிறான். இவர் தன் நாடகப் பெருமை பேசுகிறார். ராஜாக்களையும் பாபுக்களையும் பற்றிய ஆட்டம் தனக்கெதற்கு என்று அவன் இவரை மட்டம் தட்டுகிறான். உன் நாடகம் யாருக்கு? அந்தக் கேள்வியோடுதான் முழு நாடகமும் நடக்கிறது.

நியூ டவுனில் அதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. கோபுரக் குடியிருப்புகளில் இருப்பவர்களில் வெளிமாநிலத்தார் நிறைய. தமிழ்க் குடும்பங்களும் அதில் சேர்த்தி. பலருக்கு வங்காளம் கடைவீதி அளவில்தான் தெரியும். வங்காளிகளுக்கோ நாடகம் என்றால் அகாடமிதான். வாயில்காப்போனைத் தாண்டி, காரை எடுத்து, ஒரு மணி நேரம் நகரத்துக்குள் போனால்தான் அவர்களுக்கு நாடகம் பார்த்த திருப்தி. அருகிலுள்ள பழைய கிராமத்து ஜனங்களுக்கு இந்த அரங்குகளின் கண்ணாடிக் கதவே ஒரு தடை. அங்கிருந்து நியூ டவுனுக்குள் வருபவர்களில் பலர் டோட்டோ ஓட்டவும் வீட்டு வேலைக்கும் வருகிறவர்கள்.

இந்த ஊரில் போட வேண்டிய நாடகம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். மனோஜ் மித்ரா எழுதிய 'ஸாஜானோ பாகான்', அலங்கரித்த தோட்டம். சுந்தரம் குழு 1977-இல் அரங்கேற்றியது. பாஞ்சாராம் என்று ஒரு கிழட்டுக் குடியானவர். கூன் விழுந்து, இருமி, நாளை எண்ணிக்கொண்டிருப்பவர். தன் கையால் வளர்த்த ஒரு தோட்டம்தான் அவர் உலகம். பழைய ஜமீந்தார் அதற்கு ஆசைப்பட்டே செத்து ஆவியாக அலைகிறார். மகன் புத்திசாலி. கிழவரிடம் ஓர் ஒப்பந்தம் போடுகிறான். உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் தருகிறேன், செத்ததும் தோட்டம் எனக்கு. கிழவர் சம்மதிக்கிறார். ஆனால் மாதா மாதம் காசு வந்து வயிறாரச் சாப்பிட்டதும் உடம்பு தேறத் தொடங்குகிறது! சாவு தள்ளிப் போகப் போக ஜமீந்தாருக்கு நோய் வருகிறது. இன்ன தேதியில் சாகிறேன் என்று கிழவர் பாவப்பட்டு வாக்குக் கொடுக்கும் கட்டத்தில் அரங்கம் சிரித்து அலறும். கடைசியில் போய்ச் சேர்வது கிழவர் அல்ல.

மித்ரா அந்தக் கிழவராக மேடையில் நடித்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1980-இல் தபன் சின்ஹா 'பாஞ்சாராமேர் பாகான்' என்று படமாக எடுத்தபோதும் அவரேதான் கிழவர். 2024 நவம்பர் 12 அன்று அவர் காலமானார். பிரசாரம் இல்லை, கோஷம் இல்லை. நிலத்தை விட மனமில்லாத ஒரு மனிதனின் பிடிவாதத்தை வைத்து இரண்டு மணி நேரம் சிரிக்க வைத்தார். முப்பது ஆண்டு கழித்து, சிங்கூர், நந்திகிராமம் என்று இதே நிலப் பிரச்சினைதான் 2011-இல் ஓர் ஆட்சியையே கவிழ்த்தது.

அந்த மாற்றத்தையும் நாடகக்காரர்கள் முன்பே மோப்பம் பிடித்தார்கள். பிராத்ய பாசுவின் 'விங்க்கிள் ட்விங்க்கிள்' 2002-இல் மேடையேறியது. 1976-இல் காணாமல் போன கம்யூனிஸ்ட் ஊழியர் ஒருவர் இருபத்தாறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, தன் கட்சி ஆளும் வங்காளத்தைப் பார்த்துத் திகைக்கிறார். ஆட்சியாளர்களை அரங்கில் உட்கார வைத்தே சிரிக்கச் செய்த நாடகம். 2011-இல் ஆசிரியர் மாற்று அணியில் அமைச்சரானார். வங்காளத்தில் நையாண்டி எழுதுவது சில சமயம் நல்ல உத்தியோகத்துக்கும் வழி.

அன்று மாலை நானும் எல்லோரையும் போல அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸுக்கே பேருந்து ஏறினேன். விடுமுறை நாளில் அங்கே காலை, பிற்பகல், மாலை என்று மூன்று காட்சிகள். ஒரு குழு செட்டைக் கழற்றி எடுத்துப் போகும்போதே அடுத்த குழு இறக்கிக்கொண்டிருக்கும். வெளியே மண் குவளையில் தேநீர், சுவரெல்லாம் வரப்போகும் நாடகங்களின் விளம்பரத் தட்டி. நடிகர்களில் பெரும்பாலோர் பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர்கள். நான் பார்த்தது ஒரு நகைச்சுவை நாடகம். பாதி வசனம் எனக்குப் புரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர், நான் தமிழன் என்று தெரிந்ததும், ஒவ்வொரு சிரிப்புக்கும் பிறகு குனிந்து ஆங்கிலத்தில் விளக்கினார். விளக்கிய பிறகு எந்த வேடிக்கையும் வேடிக்கையாக இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

நாடகம் முடிய ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. பெரியவர் வீடும் நியூ டவுன்தானாம். மகன் வாங்கிய ஃபிளாட், பதினான்காவது மாடி. வாரம் ஒருமுறை நாடகத்துக்கு வந்து போக மூன்று மணி நேரம் பேருந்திலேயே போகிறது என்றார். அங்கேயே ஓர் அரங்கம் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனால் இடைவேளையில் சண்டை போட ஆள் இல்லையே என்றார். பேருந்து காலியாக இருந்தது. நார்கேல்பாகானில் இறங்கினார்.