ஒரு மூட்டை சிமெண்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"குடும்பப் பழி வாங்குற படமா? எத்தனை தலை உருளுது?" என்று போனில் கேட்டீர்கள். ஒரு தலையும் உருளவில்லை. தொடக்கத்தில் ஒரு கைகலப்பு வருகிறது, அதில் ஒரு கிழவன் கல்லில் மண்டை மோதிப் போய்ச் சேருகிறான். மற்றபடி யாரும் யார் மேலும் அரிவாளை ஓங்கவில்லை. முதல் பாகத்தில் ஆயுதம் ஒரு மூட்டை சிமெண்ட். இரண்டாம் பாகத்தில் அதுவும் இல்லை, மலைக்குகையில் கிடக்கும் களிமண். இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே கருவறுத்திருக்கிறார்கள்.

1986இல் குளோத் பெரி எடுத்த படம். ஒரே கதை, இரண்டு பாகம்: 'ழான் த ஃப்ளோரெத்', 'மனோன் தெ சூர்ஸ்'. எழுதியவர் மார்செல் பஞ்ஞோல். நான் இருக்கும் மார்செய்க்குப் பக்கத்து ஊரான ஓபாஞ்ஞில் 1895இல் பிறந்தவர். அவரே 1952இல் இந்தக் கதையைப் படமாக எடுத்தார். பத்து ஆண்டு கழித்து அதையே நாவலாக விரித்து எழுதினார். நம் ஆட்கள் நாவலைப் படமாக்கித்தான் கெடுப்பார்கள். இவர் படத்தை நாவலாக்கிப் பிழைக்க வைத்தார்.

இந்தப் பக்கத்து மலைகள் எல்லாம் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையைப் பாறை வெடிப்புகள் குடித்துவிடும். உள்ளே எங்கெங்கோ ஓடி, எதிர்பாராத இடத்தில் ஊற்றாக எட்டிப் பார்க்கும். நம் ஊர்க் கெடிலம் ஆற்று மணலைக் கையால் பறித்துத் தண்ணீர் எடுத்த நமக்கு, ஊற்று இருக்கும் இடத்தை அப்பன் மகனுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுச் சாகிற ஊரைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கதைக்கு வருகிறேன். செசார் சுபேரான், கல்யாணம் ஆகாத பணக்காரக் கிழவர். ஊரார் பப்பே என்பார்கள். நடித்திருப்பவர் ஈவ் மோந்தான். இத்தாலியில் பிறந்து, புலம்பெயர்ந்து வந்த பெற்றோரோடு இதே மார்செயில் வளர்ந்தவர். சொந்தத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆண்பிள்ளை உகொலேன். பட்டாளத்திலிருந்து திரும்பும்போது கார்னேஷன் நாற்று கொண்டுவந்து ரகசியமாக வளர்க்கிறான். பூக்கடைக்காரர் கொடுத்த விலையைப் பார்த்துக் கிழவருக்கு வாய் பிளக்கிறது. ஆனால் அந்தப் பூவுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். பக்கத்து நிலத்தில் ஊற்று இருக்கிறது. நிலத்துக்காரன் விற்க மறுக்கிறான், அந்தக் கைகலப்பில் சாகிறான். நிலம் அவன் தங்கை ஃப்ளோரெத்தின் மகனுக்கு வருகிறது. ழான், கூன் விழுந்தவன், நகரத்தில் வரி வசூலித்துக்கொண்டிருந்தவன். மனைவி, சின்னப் பெண் மனோன், ஒரு கட்டுப் புத்தகங்களோடு வந்து இறங்குகிறான். அவன் வருவதற்குள் இரண்டு பேரும் ஊற்றுக் கண்ணில் கட்டையை அடித்து, சிமெண்ட் பூசி, மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அப்புறம் இவர்கள் செய்வது ஒன்றுமில்லை, சும்மா இருப்பதுதான். அவன் முயல் வளர்க்கிறான், பூசணி போடுகிறான். கோடையில் கழுதை முதுகிலும் தன் கூன் முதுகிலும் தூரத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறான். ஒரு ராத்திரி இடி இடிக்கிறது, வாசனை வருகிறது, குடும்பமே வெளியே ஓடி வருகிறது. மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிட்டுப் போய்விடுகிறது. மேலே யாருமே இல்லையா என்று வானத்தைப் பார்த்துக் கத்துகிறான் ழானாக நடிக்கும் தெபார்தியூ. கடைசியில் தானே கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைத்து, தெறித்த கல் பட்டுச் சாகிறான். நிலத்தை வாங்கிக்கொண்ட கையோடு இருவரும் ஊற்றைத் திறந்து கும்மாளம் போடுகிறார்கள். புதருக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு மனோன் அலறுகிறாள். முயலைத் தூக்கிய பருந்தின் சத்தம் என்கிறார் கிழவர்.

இதுவரை நடந்தது பேராசை, பழி இல்லை. பழி இரண்டாம் பாகத்தில்தான். ஆடு மேய்க்கிற பெண்ணாக வளர்ந்த மனோன், வேட்டைக்கு வந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதை மறைந்திருந்து கேட்கிறாள். அங்கே ஊற்று இருந்தது ஊருக்கே தெரியும். ஒருவனும் அவள் அப்பனிடம் சொல்லவில்லை. வேற்றூர்க்காரன், கூனன், படித்த திமிர், அடுத்தவன் பாடு நமக்கெதுக்கு. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம். பிறகு ஒருநாள் தொலைந்த ஆட்டைத் தேடிக் குகைக்குள் போனவள், ஊர்க் குழாயடிக்குப் போகும் நீரோட்டத்தையே கண்டுபிடிக்கிறாள். களிமண்ணை அள்ளி அடைக்கிறாள். ஊர் நடுவில் தண்ணீர் நிற்கிறது. அரசாங்க என்ஜினியர் வந்து பூமிக்கடியில் என்னென்ன இருக்கிறது என்று நீட்டி முழக்குகிறார். தண்ணி எப்ப வரும், அதைச் சொல்லு என்கிறது கூட்டம். அந்த முகங்களை நம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் பார்க்கலாம்.

இரண்டு பேர் செய்த பாவத்துக்கு ஊர் முழுதையும் காய விடலாமா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். விடலாம் என்பதுதான் என் கட்சி. சிமெண்ட் பூசியவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஊரில் ஒரே ஒரு ஆள் வாய் திறந்திருந்தால் அந்த சிமெண்டை ழான் ஒரு கடப்பாரையால் பெயர்த்திருப்பான்.

இது நமக்குப் புதுக் கதையா சித்தப்பா? சாமிக்குத் தாகமெடுத்தது, கருடன் விரஜா தீர்த்தம் கொண்டுவரப் பறந்தார், வரத் தாமதம், அதற்குள் ஆதிசேஷன் வாலால் தரையை அடித்துத் தண்ணீர் வரவழைத்தார் என்பது நம் ஊர்ப் பெருமாள் கோயிலின் தலபுராணம். உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்கிறோமே, அந்தக் கிணறு பாம்பு கொடுத்தது. வாசலில் வடக்கே திரும்பி ஓடும் கெடிலம் கருடன் கொண்டுவந்தது. இரண்டு பேரும் யார்? கசியபரின் இரண்டு மனைவிகளான அக்கா தங்கையின் பிள்ளைகள். பாரதத்து ஆதிபர்வத்தில், தேவலோகக் குதிரையின் வால் வெள்ளையா கறுப்பா என்று அந்த அக்கா தங்கையான கத்ருவும் வினதையும் பந்தயம் கட்டுகிறார்கள். ஜெயிப்பதற்காகக் கத்ரு தன் பாம்புப் பிள்ளைகளை வாலில் சுற்றிக்கொள்ளச் சொல்கிறாள். மாட்டேன் என்றவர்களைத் தீயில் சாகச் சபிக்கிறாள். வினதை தோற்று அடிமையாகிறாள். அவள் மகன் கருடனுக்கும் பாம்புகளுக்கும் தீராப் பகை. ஆதிசேஷன் மட்டும், கருடனும் எங்களுக்கு அண்ணன் தம்பிதானே, இவர்களோடு எனக்குக் குடித்தனம் வேண்டாம் என்று தவத்துக்குப் போய்விடுகிறார். நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் மோசடி நடக்கிறது என்று வினதையிடம் ஒரு வார்த்தை போய்ச் சொன்னவர் யாரும் பாரதத்தில் இல்லை. மறுத்த பிள்ளைகளும் சொல்லவில்லை, விலகிப் போனவரும் சொல்லவில்லை. சித்தி இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.

வாய் திறக்காத கணக்கில் குந்திதான் பெரிய ஆள். திரௌபதி அம்மன் கோயிலில் கர்ணமோட்சம் கூத்து வைக்கிற ராத்திரி எனக்கு எப்போதும் வயிற்றைப் பிசையும். மனைவி பொன்னுருவி தடுக்கத் தடுக்கக் கர்ணன் களத்துக்குப் போவான். அடிக்கப்போகிறவன் தம்பி என்று அவனுக்குத் தெரியும், அர்ஜுனனுக்குத் தெரியாது. செத்தவன் அண்ணன் என்று பாண்டவர்களுக்குத் தெரிய வரும்போது எள்ளும் தண்ணீரும் விடத்தான் வேலை இருக்கும்.

பஞ்ஞோலும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறார். உகொலேன் மனோன் மேல் பைத்தியமாகி, அவள் கூந்தல் ரிப்பனை எடுத்துத் தன் மார்புச் சதையில் ஊசி நூலால் தைத்துக்கொண்டு, பிறகு தூக்கில் தொங்கிவிடுகிறான். வாரிசு அற்றுப்போன கிழவரிடம் கண் தெரியாத ஒரு மூதாட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதை பேசுகிறாள். இளமையில் இவர் ஃப்ளோரெத்தைக் காதலித்தவர். பட்டாளத்தில் ஆப்பிரிக்காவில் இருந்தபோது, வயிற்றில் உன் பிள்ளை என்று அவள் எழுதிய கடிதம் இவர் கைக்கு வரவேயில்லை. அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். பிள்ளை உயிரோடு பிறந்ததா என்று கேட்கிறார். பிறந்தது, ஆனால் கூன் என்கிறாள். மோந்தானின் முகத்தில் கேமரா நகராமல் நிற்கிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நாலு மணி நேரம் உட்காரலாம். பங்காளிச் சண்டை என்று தெரியாமலே நடந்த பங்காளிச் சண்டை அது. சொந்த மகனைத் தாகத்தில் கொன்றிருக்கிறார். பேத்தி பழிவாங்கியது தாத்தாவை.

டிவிடி இரண்டையும் உங்கள் பேரன் வசம் அனுப்பியிருக்கிறேன். ஆங்கில எழுத்து கீழே ஓடும். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், முதல் பாகம் ஒரு நாள், அடுத்தது மறுநாள். டூயட் கிடையாது என்று சித்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. கூட்டுக் கிணற்றில் நம் முறை முடிந்து பெரிய தாத்தா வீட்டு முறை வந்த அன்று மோட்டார் ஓடவில்லை, அவர்கள் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கருகியது. பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைக்கோல் போருக்குள் செருகியது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவர்கள் இன்னும் மின்வாரியத்தைத்தான் திட்டுகிறார்கள், நம்மை வேறு ஏதோ பாத்திரக் கணக்குக்காகத் திட்டுகிறார்கள். இந்தக் கடிதம் அச்சாகும் பத்திரிகையை அவர்கள் வீட்டிலும் வாங்குவதாகக் கேள்வி. கடைக்கு வருவதற்குள் நீங்களே ஒரு எட்டு போய்ச் சொல்லிவிட்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்,
மார்செய்