சுவர் சொன்ன காதல்

பேரரசர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் காத்து வைத்துள்ளன. உழைத்துண்ட எளியோரின் உள்ளத்தை எது காத்து வைத்தது? இவ்வினாவோடு உரோமானியர் வரலாற்றை நாம் புரட்டும்போது, பொம்பெயி நகரின் சுவர்களே விடை கூறுகின்றன.

கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை சீறியபோது இத்தாலியின் அந்நகரம் சாம்பலுள் புதைந்தது. 1748இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. வீடுகளும் கடைகளும் வெளிப்பட்டன. அவற்றின் சுவர்களில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்களும் நாளடைவில் வெளிப்பட்டன. தேர்தல் வேண்டுகோள், வாழ்த்து, வசை என அவை பலவகைப்படும். தேர்தல் விளம்பரங்களை வண்ணத்தால் எழுதுவதற்குத் தொழில்முறை எழுத்தர்கள் இருந்தனர். காதலையும் பூசலையும் எழுத ஒரு கூரிய முனையே போதுமானதாயிற்று.

அவ்வாறு கீறப்பட்ட ஒரு வழக்கு, உணவும் மதுவும் விற்ற ஒரு விடுதியின் சுவரில் உள்ளது. சக்சசசு என்பான் நெசவாளி. அவன் விடுதிக்காரியின் அடிமைப் பெண்ணாகிய ஐரிசை விரும்பினான். அவளோ அவனைப் பொருட்படுத்தவில்லை; அவன் இரக்கம் வேண்டி நிற்கிறான் என்று எழுதி, எழுதியவன் போட்டியாளன் என்றும் குறித்தான் ஒருவன். சக்சசசு வாளாவிருக்கவில்லை. பொறாமை கொண்டவனே, குறுக்கே வாராதே, உன்னினும் அழகனுக்கு வழிவிடு என்னும் பொருள்படத் தானும் கீறினான். போட்டியாளன் மீண்டும் வந்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நீ ஐரிசை விரும்புகிறாய், அவள் உன்னை விரும்பவில்லை என முடித்து, செவெரசு எனத் தன் பெயரையும் இட்டான். சக்சசசு என்னும் பெயருக்கு வெற்றி என்பது பொருள்! பெயரில் இருந்த வெற்றி காதலில் வாய்த்ததாகச் சுவர் கூறவில்லை.

இதனைப் படிக்கும்போது முதலில் நமக்கு நகைப்பே தோன்றுகிறது. அடுத்த நொடியில் அந்நகைப்பு அடங்கிவிடுகிறது. அகத்திணை பயின்ற நமக்குத் தலைவியின் சொல்லைக் கேட்டே பழக்கம். இங்கோ இருவர் பேசுகின்றனர். யாரைக் குறித்துப் பேசுகின்றனரோ, அவள் பேசவில்லை. உரோமானியச் சட்டத்தில் அடிமைக்கு முறையான திருமணம் இல்லை. அடிமைப் பெண் ஈன்ற மகவும் அவளுடைய உடையவருக்கே உரியது. எனில், தன் வாழ்வைத் தான் தேர்ந்துகொள்ளும் உரிமை அவளுக்கு ஏது?

ஆயினும் ஒன்றை நாம் உற்று நோக்க வேண்டும். அவள் அவனை விரும்பவில்லை என்று எழுதிய செவெரசு, தன்னை விரும்புகிறாள் என்று எழுதினானில்லை. எதிரியைப் புண்படுத்தவே அவன் எழுதினான். ஆனால், அவனை அறியாமலே ஒரு பேருண்மைக்குச் சான்று பகர்ந்துவிட்டான். உடலை விலைக்கு வாங்கலாம், உழைப்பைப் பறிக்கலாம், உள்ளத்தின் விருப்பும் வெறுப்பும் அவளுக்கே உரியவை. சட்டம் மறுத்த அவ்வுரிமையை, போட்டியாளர் இருவருமே ஒப்புக்கொண்டனர். ஒருவன் அவள் இரக்கத்தை வேண்டி நின்றான். மற்றவன் அவள் மறுப்பை எடுத்துக் காட்டினான்.

மாணவச் செல்வங்களே! வரலாற்றைப் படிக்கும்போது, பேசியவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். பேச இடம் பெறாதவர் யார் என்றும் கேளுங்கள். ஐரிசு ஓர் எழுத்தும் எழுதி வைக்கவில்லை. எனினும் அவள் சொன்ன மறுப்பு, அவளை உடைமையாகக் கொண்ட பேரரசு மறைந்த பின்னும் நின்று நிலவுகிறது.