தமிழெழுத்தில் ஒரு காவல்

ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா ஊல்ஃப் அம்மையார் இருமுனை மனநோயால் அல்லலுற்றவர் என்பது பலர் துணிபு. கிளர்ச்சி மிகுந்த நாள்களில் ஓயாது பேசுவார். சோர்வு கவிந்த நாள்களில் உணவையும் மறுப்பார். அவரைக் காதலித்த லியனார்டு, இலங்கை அரசுப் பணியில் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் தமிழ் பயின்றவர்.

1912 மே முதல் நாள் எழுதிய கடிதத்தில், தம் மனம் காரணமின்றிக் கனிவதையும் அடுத்த நொடியே குளிர்ந்துவிடுவதையும் அம்மையார் ஒளிக்காமல் உரைத்தார். மணப்பேச்சின்போது அத்தகைய வாய்மை எளிதன்று. லியனார்டு பின்வாங்கவில்லை. இலங்கைப் பணியைத் துறந்தார். ஆகஸ்டில் திருமணம் நிகழ்ந்தது.

மறு ஆண்டே நோய் முற்றியது. மனைவியின் உறக்கத்தையும் மனநிலையையும் லியனார்டு நாள்தோறும் குறித்து வைத்தார். பிறர் அறியாவண்ணம் தமிழ், சிங்கள எழுத்துகளையே அதற்குக் கையாண்டார். யாழ்ப்பாணத்தில் கற்ற எழுத்து இங்கிலாந்தில் எதற்குப் பயன்பட்டது, பாருங்கள்! அது அன்புதான். ஆயினும், கணக்கெழுதும் கண்ணொன்று இடையறாது தம்மேல் இருப்பது எவருக்கு இனிக்கும்? விருந்தினரோடு பேசும் நேரத்துக்கும் அவரே எல்லை வகுத்தார்.

1917இல் இருவரும் ஒரு கையச்சுப் பொறி வாங்கினர். அம்மையார் எழுத்துக் கோத்தார், கணவர் அச்சிட்டார். அங்கே காவலர் இல்லை, நோயாளியும் இல்லை, கூட்டாளிகள் இருவரே.

இந்நோய்க்கு லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டது 1949இல். அம்மையாரோ 1941 மார்ச்சிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கடிதம், தம் வாழ்வின் இன்பமெல்லாம் கணவர் தந்ததே என்று கூறுகிறது.