மேஸ்திரி என்னுஞ் சொல்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் எமது ஊர். எம் தந்தையார் கொத்துவேலை மேஸ்திரி. கல்லூரியிற் சேர்ந்தபொழுது, விண்ணப்பத் தாளில் அச்சொல்லை எழுத நாணிக் 'கட்டட ஒப்பந்தக்காரர்' என்று எழுதிவிட்டோம். அந்நாணம் எத்துணைப் பேதைமை என்பதைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயின்ற சொல்லாராய்ச்சியே எமக்கு உணர்த்திற்று.

மேஸ்திரி என்பது 'மெஸ்த்ரெ' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு. அதன் தாய் இலத்தீன் மொழியிலுள்ள 'மாகிஸ்தெர்' என்பதாம். 'மாகிஸ்' என்றால் மிகுதி. ஆகவே, மாகிஸ்தெர் என்பான் பிறரினும் மேலோன், தலைவன், ஆசான். இச்சொல் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் 'மாயெஸ்த்ரோ' எனவும், பிரெஞ்சில் 'மேத்ர்' எனவும் வழங்கும். வடபுலத்து மொழிகளும் இதனைக் கடன் கொண்டன. டேனியரும் நார்வேயரும் 'மெஸ்தர்' என்பர்; சுவீடியர் 'மெஸ்தாரெ' என்பர்; ஐஸ்லாந்தியர் 'மெய்ஸ்தாரி' என்பர். ஆங்கிலத்தில் இதுவே 'மாஸ்டர்' ஆயிற்று.

டேனியரும் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்டனரே. அவர்பால் நாம் இச்சொல்லைப் பெற்றிருத்தலாகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது என்பதற்குச் சொல்லின் ஈறே சான்று. டேனியச் சொல் ரகர மெய்யில் முடிவது. அது தமிழில் 'மேஸ்தர்' என்றே நின்றிருக்கும். 1498ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டை அடைந்த போர்ச்சுகீசியரின் 'பாத்ரெ' நம்மிடையே 'பாதிரி' ஆயினவாறே, அவர்தம் 'மெஸ்த்ரெ' 'மேஸ்திரி' ஆயிற்று. ஈரிடத்தும் தகர ரகரங்களுக்கு நடுவே இகரந் தோன்றியமையும், ஈற்று எகரம் இகரமாய்த் திரிந்தமையும் காண்க.

இலத்தீன் விவிலியத்தில் இயேசுபெருமானைச் சீடர் போதகரென அழைக்குஞ் சொல்லும் மாகிஸ்தெர் என்பதே. தச்சுத் தொழில் செய்த கைகளையுடைய அவருக்கு அப்பெயர் இழுக்காகவில்லை. எம் ஆசிரியர்கள் பெற்ற எம்.ஏ. பட்டத்தின் முதலெழுத்துக் குறிப்பதும், சாரத்தின்மேல் நின்று தூக்குக்குண்டு பிடிக்கும் எம் தந்தையாரை ஊரார் அழைப்பதும் ஒரு சொல்லின் இரு கிளைகளே.

விடுமுறையில் இவ்வரலாற்றைத் தந்தையாரிடம் விரித்துரைத்தோம். கரணையைக் கழுவிக்கொண்டே கேட்டிருந்தவர், "பேர் எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன? சுவர் தூக்குக்குண்டுக்கு ஒத்து நிற்கவேண்டும்" என்று கூறி நகைத்தார். விண்ணப்பத்தில் யாம் எழுதியதை அவரிடம் கூற எமக்கு நா எழவில்லை.

கல்லூரிக்கு மீண்ட அன்றே அலுவலகஞ் சென்றோம். தந்தையார் தொழில் என்னுமிடத்தில் முன் எழுதியதை அடித்து, 'மேஸ்திரி' எனத் தெளிவாக எழுதிக் கையொப்பமிட்டோம்.