ஒரு நம்பர் சின்னது

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி மாதிரி விமானம் செய்வது காசுள்ளவர் பொழுதுபோக்கு. எங்கள் ஆம்பூரிலோ ஜோட்டுப் பெட்டி அட்டைக்குப் பஞ்சமே இல்லை. என் மாணவன் ஒருவன் அந்த அட்டையிலேயே 'மாருத்' விமானத்தைச் செய்து கொண்டுவந்தான். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் நம்மவர் உருவாக்கி, 1961-இல் முதன்முதல் பறக்கவிட்ட சுதேசிப் போர் விமானம் அது.

பள்ளிக்கூடப் போட்டிக்கு நானே நடுவன். 72-இல் ஒரு பங்கு என்பது நிபந்தனை. அசலின் இறக்கை அகலம் 9 மீட்டர், மாதிரியில் 12.5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அளந்தேன், 12 தான் இருந்தது. "அளவு தவறு" என்று எழுதிப் பரிசை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். பையன் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவர்.

"நீளத்தையும் அளந்தீங்களா, ஸார்?" என்று பணிவுடன் கேட்டார்.

அசல் நீளம் 15.87 மீட்டர். மாதிரியில் 22 சென்டிமீட்டருக்குப் பதில் 21.2 இருந்தது. கணக்குப் போட்டேன். இறக்கை, நீளம் இரண்டும் பிசகாமல் 75-இல் ஒரு பங்கு! அவனுக்கு நான் கொடுத்த படமே நகலெடுக்கையில் சுருங்கிப் போயிருக்கிறது.

"ஜோடு சரியாத்தான் இருக்குது, ஸார். ஒரு நம்பர் சின்னது, அவ்வளவுதான்" என்றார் அவர்.

பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாதது, தினமும் அளந்து வெட்டும் அந்தக் கைக்குத் தோன்றியிருக்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டு, இரண்டாவது பரிசொன்றும் வாங்கிக் கொடுத்தேன். பையன் விமானத்தை எனக்கே தந்துவிட்டான். விடைத்தாளில் சிவப்பு மை வைக்குமுன் இப்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.