உனக்கு என்ன உடம்பு?

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டில் பாட்டி, மகன், மருமகள், பேரன் என்று நாலு பேர். வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்பது பாட்டிக்கு அத்துப்படி. மகனுக்குச் சளி உடம்பு, மருமகளுக்கு வாத உடம்பு, பேரனுக்குச் சூட்டு உடம்பு. தயிர் யாருக்கு, சுக்குக் காப்பி யாருக்கு, கேழ்வரகுக் கூழ் யாருக்கு என்பதெல்லாம் இந்தக் கணக்குப்படிதான் நடக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிக்குன்குனியா. மகன் ஏழாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மருமகளுக்குக் காய்ச்சல் விட்டது, ஆனால் வலி விடவில்லை. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. களி கிண்ட மணிக்கட்டில் பலம் இல்லை. தக்காளி பறிக்கப் போகும் கூலி நாலு மாதம் நின்றுபோனது. "ஒரே காய்ச்சல்தானே, அவரு எழுந்துட்டாரு, இவ மட்டும் ஏன் படுத்துக் கெடக்கறா?" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

பாட்டி ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார். "அவளுக்கு வாத உடம்பு. மெதுவாத்தான் தேறுவா. நீங்க உங்க வேலையப் பாருங்க!"

பாட்டி சொன்னது வெறும் சமாதானமா, இல்லை அதில் விஷயம் இருக்கிறதா? கொஞ்சம் பார்ப்போம்.

வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் சித்த மருத்துவத்தின் அடிப்படை. நாடி பார்க்கும்போது வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்ற அளவில் இருந்தால் உடல் சரியாக இருக்கிறது என்பது கணக்கு. அளவு மாறினால் நோய். திருக்குறளின் 95-வது அதிகாரமான 'மருந்து'கூட இந்த மூன்றின் மிகுதியும் குறைவும் நோய் தரும் என்றுதான் தொடங்குகிறது. ஒவ்வொருவரிடமும் மூன்றில் ஒன்று தூக்கலாக இருக்கும், அதுவே அவருடைய தேகம்.

சீனர்களிடமும் இதே யோசனை உண்டு! பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வாங் சி உடல்வாகை ஒன்பதாகப் பிரித்தார். சமநிலை உடம்பு, சக்தி குறைந்த உடம்பு, குளிர் தாங்காத உடம்பு, ஈரமும் கபமும் மிகுந்த உடம்பு என்று அந்தப் பட்டியல் போகும். 2009-ல் சீன மருத்துவச் சங்கம் இதை ஒரு தரப்பட்டியலாகவே வெளியிட்டது. கேள்வித்தாளைக் கொடுத்து, பதில்களுக்கு மதிப்பெண் போட்டு வகையைச் சொல்வார்கள். பாட்டிக்குக் கேள்வித்தாள் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே கிருமி ஆளுக்கொரு விதமாக ஆட்டிவைக்கிறது என்பதை நவீன மருத்துவமும் மறுக்கவில்லை. சிக்குன்குனியா 1963-ல் கொல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவியது. பிறகு பல ஆண்டுகள் காணாமல் போய், 2005-ன் கடைசியில் திரும்பி வந்து, 2006-ல் நாடு முழுக்கப் பல லட்சம் பேரைப் படுக்க வைத்தது. பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது. வயது கூடியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர்கள், முதல் வாரத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு அப்படி நீடிக்க வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

கொரோனாவிலும் இதே கதைதான். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்களில் சுமார் 10 சதவீதம் பேரின் உடலில், கிருமியை எதிர்க்க உதவும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையே முடக்கும் எதிர்ப்பொருட்கள் இருந்தன. வெளியே திடகாத்திரமாகத் தெரிந்தாலும் உள்ளே காவல்காரனின் கை கட்டப்பட்டிருந்தது. இதை எந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

ஆக, உடம்புக்கு உடம்பு வித்தியாசம் என்ற பாட்டியின் பேச்சு சரி. மருமகளுக்கு நாலு மாத ஓய்வும், "நடிக்கிறாள்" என்ற பழியிலிருந்து விடுதலையும் கிடைத்தது அந்தப் பேச்சால்தான்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை...

அடுத்த ஆண்டு பேரனுக்குக் காய்ச்சல். "சூட்டு உடம்பு, மூணு நாள்ல தானா விட்டுரும்" என்றார் பாட்டி. நிலவேம்புக் குடிநீரும் இளநீரும் கொடுத்தார்கள். சொன்ன மாதிரியே நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வீடே நிம்மதி அடைந்தது. அன்று மாலை பையன் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். திரும்பத் திரும்ப வாந்தி. "சூடு இறங்குது, அப்படித்தான் இருக்கும்" என்றார் பாட்டி. இந்த முறை மருமகள் கேட்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார். டெங்கு!

டெங்குவின் வஞ்சகமே இதுதான். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரத்தக்குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவது... இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சூட்டு உடம்போ குளிர்ந்த உடம்போ, கசிவுக்கு அந்தப் பேதம் தெரியாது. பையனுக்கு நேரத்தோடு குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டான்.

ஒரே பாட்டி, ஒரே கணக்கு. ஒரு முறை அது ஒரு பெண்ணுக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தது. இன்னொரு முறை ஒரு பிள்ளையின் உயிரையே பறிக்கப் பார்த்தது. மெதுவாகத் தேறுகிறவரிடம் பொறுமையாக இருக்க உடல்வாகு உதவட்டும். என்ன சாப்பிடலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று கேட்கவும் உதவட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்பதை மட்டும் அது முடிவு செய்யக் கூடாது.

இப்போதும் பாட்டி பேரனைச் சூட்டு உடம்பு என்றுதான் சொல்கிறார். ஆனால் காய்ச்சல் வந்தால் கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறார்: "கண்ணு, ஒழுங்கா ஒண்ணுக்குப் போனியா?"

அந்த ஒரு கேள்வியை எல்லா வீட்டுப் பாட்டிகளும் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!