அறுபதுக்கு மேல் உளி பிடித்தால்

"ரிட்டயர் ஆகிவிட்டீர்களே, ஓவியம் கற்றுக்கொள்ளுங்கள், மனதுக்கு இதமாக இருக்கும்" என்று யோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் பென்சில் பிடித்துப் பார்க்காதவர்கள். தொடக்கத்தில் அது எரிச்சல்தான் தரும். அந்த எரிச்சலுக்காகவே அதைக் கற்கலாம் என்பேன். நாம் என்ன சொன்னாலும் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிற வயது இது. நம்மை மறுத்துப் பேச ஒரு பொருளாவது வேண்டாமா? காகிதமும் லினோ பலகையும் முகத்துக்கு நேரே மறுக்கும்.

முதல் மறுப்பு நாற்காலியிடமிருந்து வரும். நாற்காலிக்கு நான்கு கால் என்பது நமக்கு அறுபது வருடமாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மூன்று கால்தான் கண்ணில் படுகிறது என்றாலும் கை நான்கையும் வரைந்துவிடும். தெரிந்ததை வரையாதே, கண்ணில் படுவதை வரை என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். கிமோன் நிக்கொலாய்டிஸ் என்ற அமெரிக்க ஆசிரியரின் பயிற்சி ஒன்று, அவர் மறைந்த பிறகு 1941இல் வெளியான புத்தகத்தில் இருக்கிறது. காகிதத்தைப் பார்க்கவே கூடாது. பொருளின் விளிம்பில் கண்ணை வைத்து, கண் நகரும் வேகத்துக்குப் பென்சிலை நகர்த்த வேண்டும். வருகிற படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோணலில், நேர்த்தியாக வரைந்த படத்தில் இல்லாத உண்மை ஒன்று இருக்கும். இன்னொரு வழி, நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை மட்டும் வரைவது. வெற்றிடத்தைப் பற்றி நமக்கு முன்கூட்டிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அதனால் கை பொய் சொல்வதில்லை.

கரித்துண்டு தாராள மனசுக்காரன். துடைத்தால் போய்விடும், திரும்பப் பூசினால் வந்துவிடும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சட்டை கறுப்பாகும் என்பதைத் தவிர.

லினோ வேறு ரகம். 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் தரைவிரிப்பாக உருவாக்கிய பொருள் அது. கெட்டிப்படுத்திய ஆளிவிதை எண்ணெயில் கார்க் தூள் கலந்து சணல் துணிமேல் பதித்தது. மரத்துக்கு இருக்கிற ரேகை இதற்கில்லை. உளி எந்தத் திசைக்கும் போகும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இன்னும் இளகிக் கொடுக்கும். மூட்டு வலிக்காரர்களுக்கு இது பெரிய சலுகை, நம் ஊர் வெயிலுக்கும் ஒரு நல்ல உபயோகம். பலகையைச் செதுக்கி மை தடவிக் காகிதத்தில் அச்சிட்டால், செதுக்கிய இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. பென்சிலில் கோடு சேர்த்துச் சேர்த்துப் படம் வரும். இங்கே எடுத்து எடுத்துத்தான் வரும். எதை விட்டுவைப்பது என்று முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் லினோவில் செதுக்கிய காந்தியைப் பாருங்கள். கைத்தடியோடு நடக்கிற அந்த உருவத்தில் வெள்ளைக் கோடுகள் எத்தனை குறைவு! மீதி முழுவதும் கறுப்பு.

அச்சில் எல்லாம் இடம் வலம் மாறும் என்பது அடுத்த சங்கடம். படத்தில் ஓர் எழுத்து வந்தால் அதைத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். டிரேசிங் தாளைப் புரட்டிப் போட்டுக் கார்பன் வைத்தால் வேலை சுலபம். ஈய எழுத்துக் காலத்தில் அச்சகங்களில் கம்போஸிங் செய்தவர்கள் இந்தத் திரும்பிய எழுத்துகளைச் சரளமாகப் படித்தார்கள். அந்தத் தலைமுறையின் கண்ணுக்கு இருந்த பயிற்சியை நாம் கண்டுகொள்ளவே இல்லை.

மையை உருளையால் தேய்ப்பது தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது மாதிரி. மெல்லிசாக, எல்லா இடத்திலும். அதிகமானால் செதுக்கிய பள்ளமெல்லாம் அடைந்துபோகும். உருளை நகரும்போது சன்னமாகச் சரசரவென்று கேட்டால் பதம் சரி. வீட்டில் எந்திரம் வேண்டியதில்லை. காகிதத்தை மேலே வைத்து மரக்கரண்டியின் முதுகால் பொறுமையாகத் தேய்த்தால் போதும்.

ஒரே பலகையில் பல நிறம் அச்சிடும் முறைதான் துணிச்சலானது. ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டு, அதே பலகையை மேலும் செதுக்கி அடுத்த நிறம். முந்தைய பலகை இனிக் கிடைக்காது. பத்துத் தாள் அடித்தால் பத்தே பிரதி, பிறகு பிக்காஸோவே கேட்டாலும் பதினொன்றாவது கிடையாது. பிக்காஸோ லினோவுக்கு வந்ததே எழுபதைத் தொட்ட பிறகுதான், தென் பிரான்சின் வல்லோரிஸில். இந்த முறையை அவர் கையாண்டபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

உலோகத்துக்குப் போனால் என் விருப்பம் டிரைபாயிண்ட். தாமிரத் தகட்டில் எஃகு ஊசியால் நேரடியாகக் கீறுவது. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு பட்டுப்போல் கசியும். ஒவ்வொரு அச்சுக்கும் பிசிறு நசுங்கும். சில பிரதிகளிலேயே அந்த மென்மை போய்விடும். ரெம்பிராண்ட் 1653இல் 'மூன்று சிலுவைகள்' படத்தை இப்படித்தான் செய்தார். தகடு தேய்ந்தபின் அதைத் தூக்கி எறியவில்லை. பல உருவங்களைச் சுரண்டி அழித்தார், புதிதாகச் சிலரைச் சேர்த்தார், படம் முழுக்கக் கனத்த இருட்டுக் கோடுகளை இறக்கினார். முதல் படத்தையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே தகடு என்று நம்ப முடியாது. எனக்குப் பிந்தியதுதான் பிடிக்கும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு மூன்றே எச்சரிக்கை. உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் செய்யும் வேலையை வீட்டுச் சமையலறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். மழுங்கிய உளிதான் வழுக்கிக் குத்தும், ஆகவே கூர்தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். உலோகத் தகடு அச்சிட எந்திரம் வேண்டுமென்றால் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் விசாரிக்கலாம். இளைஞர்கள் நடுவே நிற்கக் கூச்சப்படாதீர்கள். அச்சுக்கூடத்தில் வயதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வேலை முடிந்ததும் மை மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறாரா என்றுதான் பார்ப்பார்கள்.